வயிற்றில் கைவைத்து நிற்கும் ஆள்

கையேடு சொன்னால் அம்சா கேட்கும். மேனேஜர் சொன்னால் கேட்காது. அத்திப்பட்டுக் கிடங்கில் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் இயந்திரமும் லோடுமேன்களும் ஒரே கட்சி.

அம்சா என்பது கம்பெனி வைத்த பெயர் இல்லை. கம்பெனி வைத்தது ஏதோ எழுத்தும் எண்ணும் கலந்த ஒன்று. இரண்டு இரும்புக் கை, ரப்பர் சக்கரங்கள், மார்பில் ஒரு திரை, செய்தி வாசிக்கிற பெண்ணின் குரல். வந்து இறங்கிய அன்றே மேஸ்திரி டில்லிபாபு, "அம்சவேணி மாதிரியே கீது" என்று சொல்லிவிட்டார். எந்த அம்சவேணி என்று யாரும் கேட்கவில்லை. மேஸ்திரியின் மனைவி பெயர் அது இல்லை என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

கப்பலில் வரும் உளுந்து, துவரை மூட்டைகளைக் கன்டெய்னரிலிருந்து இறக்குவது அம்சாவின் வேலை. கூடமாட, அதே கையேட்டைப் படிக்கிற சின்னத் தூக்கி இயந்திரங்கள் சிலவும் உண்டு. சக்கரம் போக முடியாத பழைய ஷெட்டுகளுக்கு மட்டும் மூட்டையை ஆள் முதுகில் ஏற்றி அனுப்பும். யார் முதுகில் எந்த மூட்டை என்று பங்கு பிரிப்பதும் அதுதான். வாங்காமல் நிற்கிறவனைத் 'திறன் குறைவு' என்று குறித்துக்கொள்ளும். குறிகள் சேர்ந்தால் ஒருநாள் காலையில் கேட் பாஸ் திறக்காது. யாரும் வந்து திட்ட மாட்டார்கள். கதவு திறக்காது, அவ்வளவுதான்.

கன்னியப்பனுக்கு அந்தக் கதவுதான் கவலை. குடலிறக்க ஆபரேஷன் முடிந்து, தையல் காய்வதற்குள் வேலைக்கு வந்துவிட்டார். கேன்டீனில் ரெஜினா அவரைப் பார்த்ததும் டீயைக் கீழே வைத்தாள். கையேட்டை எழுதுகிறவள் அவள்தான். துறைமுகத்தில் மூட்டை சுமந்த ஒருவரின் மகள். ஒரு மனிதன் எந்தப் பக்கம் சாய்ந்து நடந்தால் எங்கே வலிக்கிறது என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"ஏண்ணே வந்தீங்க? டாக்டர் இன்னா சொன்னாரு?"

"மூட்டை தூக்காதன்னாரு."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா. வூட்ல அவரா வந்து உலை வெப்பாரு?"

"மேனேஜராண்ட சொல்லி லேசான வேலையா கேளுங்களேன்."

"கேட்டா, 'உடம்பு சரியாவட்டும் அப்புறம் வாப்பா'ன்னு பாஸ வாங்கி வெச்சிக்குவாரு. எத்திராஜுக்கு அப்டித்தான் பண்ணாரு. அவன் உடம்பு எப்பவோ சரியாயிடுச்சி. கபடியே ஆடறான். பாஸ் மட்டும் வர்ல." கன்னியப்பன் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலை இறக்கினார். "நீ எழுதறத அந்தப் பொம்பள அப்டியே கேக்குதாமே. எம்பேர்ல ஒரு வரி எழுதக்கூடாதா?"

"அது பொம்பள இல்லண்ணே."

"சரி, அத்த வுடு. எழுத முடியுமா முடியாதா?"

முடியும். அதுதான் விஷயமே. முன்பெல்லாம் இயந்திரத்துக்கு ஒரு பழக்கம் சொல்லித்தர பெங்களூரில் ஒரு கூட்டமே உட்கார்ந்து நிரல் எழுதும். செலவைக் குறைக்க யாருக்கோ ஒரு யோசனை வந்தது. மனிதர்கள் படிக்கக் கையேடு ஒன்று எப்படியும் எழுதத்தான் போகிறோம். இயந்திரமும் அதையே படித்துவிட்டால் என்ன? அன்றிலிருந்து கையேடு ஒரு இணையதளம். ரெஜினா சாதாரண எழுத்தில் எழுதுவாள், எது தலைப்பு, எது பெட்டி என்று காட்ட நடுநடுவே மார்க்டவுன் என்கிற குறிகள் போடுவாள். மேனேஜர் வரதன் ஒப்புதல் தருவார். காலையில் ஒரு மென்பொருள் அந்த எழுத்தையெல்லாம் வாரிப் பக்கங்களாகக் கட்டி வைக்கும். கட்டியபின் மறுபடி கட்டும்வரை அது கல் மாதிரி, ஒரு எழுத்து அசையாது. அம்சாவும் அன்றைக்கு வேறு எதையும் கேட்காது.

"பெட்டி கட்டி எழுதணும்ணே," என்றாள் ரெஜினா. "சும்மா எழுதினா அது சேதி. பச்சப் பொட்டிக்குள்ள எழுதினா குறிப்பு. நேரம் இருந்தா கேக்கும், லாரி க்யூல நின்னா கேக்காது. மஞ்சப் பொட்டி எச்சரிக்கை. கேக்கும், ஆனா மேனேஜருக்குப் போட்டும் குடுக்கும். செவப்பு ஆபத்து. செவப்புல எழுதினா எல்லாத்தையும் நிறுத்திட்டு அத்த மொதல்ல செய்யும். யாராண்டயும் சொல்லாது."

"அப்ப செவப்புல எழுது."

"செவப்பப் பாத்தா வரதன் சார் நின்னு படிப்பாரு."

"மறைச்சி எழுது."

அவர் சும்மாதான் சொன்னார். ஆனால் மறைப்பதற்கும் வழி இருந்தது. மடிப்புப் பெட்டி என்று ஒன்று உண்டு. நீளமான சமாச்சாரத்தைத் தலைப்பு மட்டும் தெரிகிற மாதிரி மடித்து வைப்பது. வேண்டுமென்றால் தலைப்பைத் தொட்டு விரித்துப் பார்க்கலாம். வேண்டும் என்று யாரும் நினைத்ததில்லை. இந்த மடிப்பெல்லாம் மனிதக் கண்ணுக்குத்தான். இயந்திரத்துக்கு மடிப்பும் கிடையாது, விரிப்பும் கிடையாது. எல்லாம் எழுத்து.

ரெஜினா மேலே போய் 'மூட்டை பங்கீடு' என்ற பக்கத்தைத் திறந்தாள். அடியில் ஒரு மடிப்புப் பெட்டி கட்டினாள். அதன் தலைப்புக்குத்தான் அதிக நேரம் பிடித்தது. உலகத்தில் எவனும் தொட்டு விரிக்க மாட்டான் என்று உறுதியாகத் தெரிகிற ஒரு தலைப்பு வேண்டும். 'முந்தைய பதிப்புகளில் செய்யப்பட்ட மாற்றங்கள்' என்று வைத்தாள். உள்ளே ஒரு சிவப்புப் பெட்டி. மூன்று முக்காற்புள்ளி, ஆபத்து என்ற சொல், கீழே விதி, மறுபடி மூன்று முக்காற்புள்ளி போட்டு மூடல்.

கன்னியப்பன் பெயரை எழுதவில்லை. தளத்தில் ஒரு தேடல் கட்டம் இருக்கிறது. வரதன் என்றைக்காவது ஆளின் பெயரைப் போட்டுத் தேடினால், மடிப்புக்குள் இருப்பதையும் அது இழுத்து வந்து காட்டிவிடும். அதனால் இப்படி எழுதினாள்:

வயிற்றில் கைவைத்து நிற்கும் ஆளுக்குச் சுமை தரக்கூடாது. அவர் கையில் சுமை இருந்தால் வாங்கிக்கொள்ளவும். கதவருகே நாற்காலியில் உட்காரவைத்து, உள்ளே வரும் வண்டிகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லவும். இதைத் திறன் குறைவாகக் குறிக்கக்கூடாது.

வரதன் ரயிலில் நின்றுகொண்டே போனில் பக்கத்தைத் தள்ளிப் பார்த்துவிட்டு ஒப்புதல் கொடுத்தார். 'மாற்றங்கள் எல்லாம் எழுதி வைப்பது நல்ல பழக்கம்' என்று பாராட்டி ஒரு வரியும் அனுப்பினார்.

மறுநாள் காலை கன்னியப்பன் அம்சாவின் முன்னால் போய் நின்று வயிற்றில் கையை வைத்தார். அவருக்கு நம்பிக்கை இல்லை. தப்பினால் வலி என்று சொல்லிக்கொள்ளலாம், வலி நிஜம்தான்.

அம்சா கொஞ்சம் நின்றது. பிறகு, "வாருங்கள். கதவருகே உட்காருங்கள்," என்றது. செய்தி வாசிக்கிற அதே குரல். அவர் தோளைத் தொடாமல், தொடுகிற தூரத்தில் கையை வைத்துக்கொண்டு கூட வந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டது. கன்னியப்பனின் வாழ்நாளில் ஒரு வேலையிடத்தில் அவருக்கு நாற்காலி இழுத்துப் போட்டவர்கள் யாரும் இல்லை. அவர் உட்காரத் தெரியாமல் நுனியில் உட்கார்ந்தார்.

இதை லோடு ஆட்கள் பார்த்தார்கள். மூட்டை சுமக்கிறவனுக்குக் கண் கீழே இருக்கும் என்று நினைப்பது தவறு. பாரம் இல்லாமல் போகிறவன் எவன் என்பது முதுகிலேயே தெரியும்.

முதலில் பிடித்தவன் சூசைநாதன் என்ற இளவட்டம். கன்னியப்பன் என்ன செய்தார் என்று யோசித்து, அதையே செய்து பார்த்தான். நாற்காலி வந்தது. மத்தியானத்துக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. சாயங்காலம் கிடங்கில் பார்த்த இடமெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆட்கள். அம்சா ஒருவனை உட்காரவைத்துத் திரும்புவதற்குள் இன்னொருவன். நாற்காலி தீர்ந்து மூட்டைகளையே நாற்காலியாகப் போட்டது. கதவருகே ஒரு கல்யாண வீட்டுக் கூட்டம் உட்கார்ந்து, வராத வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

டில்லிபாபு நேராக மாடிக்கு வந்தார். மேஸ்திரிக்குக் கோபம் வந்தால் துண்டை எடுத்து மறுபடி அதே தோளில் போடுவார்.

"இன்னாம்மா ரெஜினா. எனுக்குத் தெரியாம ஊருக்கே வயித்துவலி குடுத்துக்கீற."

"ஒருத்தருக்குத்தாண்ணே குடுத்தேன்."

"ஒருத்தனுக்குக் குடுத்தா அவன் பேர எழுதணும். வயித்த எழுதினா? அது எவன்கிட்ட இல்ல?"

மேஸ்திரி ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினார்.

"மூட்டையெல்லாம் அதும்மேல வுழுது. சார்ஜ் எறங்கி மூணாவது ஷெட்டாண்ட படுத்துக்கிச்சி. வெளிய லாரிக்காரன் ஆரன் அடிக்கிறான். நாளைக்கு மேல்நாட்டுலேந்து எவனாவது வந்து ஏன்டான்னு கேட்டா மொதல்ல போறது கன்னியப்பன்தான். மத்தவனெல்லாம் நடிச்சான். அவனுக்கு தெறந்து காட்டறதுக்குத் தையல் கீது."

பெங்களூரைத்தான் அவர் மேல்நாடு என்பார்.

"எழுதினத எடுத்துடட்டுமாண்ணே?"

"எடுத்தா அவன் நாளைக்கே தூக்கணும். வேணாம். நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டார். மறுநாளிலிருந்து வயிற்றுவலிக்கு முறை வந்தது. கன்னியப்பனுக்குத் தினமும். மற்றவர்களுக்கு மேஸ்திரி காலையில் கைகாட்டுகிறவனுக்கு மட்டும், அதுவும் ஒரு டீ குடிக்கிற நேரம். முறை தவறி வயிற்றைத் தொட்டவனுக்கு மேஸ்திரி கையாலேயே மிளகாய் லோடு. சாப்பிட்டுவிட்டு வயிற்றைத் தடவும் பழக்கமுள்ள ஒருவன் கையைப் பாக்கெட்டில் வைத்துத் தைத்துக்கொள்ளாத குறை. வேலை சீராக நடந்தது. ஆட்கள் ஒருவரை ஒருவர், 'இன்னாடா, இன்னிக்கி ஒனுக்கா' என்று விசாரித்துக்கொண்டார்கள்.

இப்படியே போயிருக்கும். தலைமை அலுவலகத்திலிருந்து சுதர்சன் என்ற அதிகாரி வந்தார்.

அம்சா மாதிரி இயந்திரங்களை வெளிநாட்டுத் துறைமுகங்களுக்கு விற்பது அவர் பொறுப்பு. வாங்குகிறவர்களைக் கூட்டிவந்து காட்டுவதற்கு ஒரு கிடங்கு தேடிக்கொண்டிருந்தார். வரதன் அவருக்கு மின்ட் தெருவிலிருந்து பிரியாணி வரவழைத்தார். சுதர்சன் நன்றாகச் சாப்பிட்டார். சாப்பிட்டுவிட்டு, மடிக்கணினிப் பையை ஒரு கையில் தொங்கவிட்டபடி ஷெட்டுக்குள் இறங்கினார். இன்னொரு கை, நிம்மதியாக, வயிற்றில்.

அம்சா தான் இறக்கிக்கொண்டிருந்த மூட்டையைக் கீழே வைத்தது. லாரி நின்றது. நேராக சுதர்சனிடம் வந்து பையை வாங்கிக்கொண்டது. "வாருங்கள். கதவருகே உட்காருங்கள்."

"எக்ஸ்க்யூஸ் மீ?" என்றார் சுதர்சன்.

"உள்ளே வரும் வண்டிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள்."

வரதனுக்கு வேர்த்தது. லோடு ஆட்கள் ஒவ்வொருவராகத் தூணுக்குப் பின்னால் போனார்கள். கதவருகே ஏற்கெனவே உட்கார்ந்திருந்த கன்னியப்பன் எழுந்து, இடம் விட்டுத் தள்ளி உட்கார்ந்தார். மரியாதை.

"யார் சொல்லி இதைச் செய்யுற?" என்று கேட்டார் சுதர்சன்.

யார் கேட்டாலும் ஆதாரம் சொல்ல வேண்டும் என்பது அம்சாவுக்கு விதி. "கையேடு. மூட்டை பங்கீடு. முந்தைய பதிப்புகளில் செய்யப்பட்ட மாற்றங்கள். ஆபத்துப் பெட்டி," என்றது.

அதற்குள் ரெஜினாவைக் கீழே கூப்பிட்டிருந்தார்கள். சுதர்சன் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போனில் அந்தத் தலைப்பைத் தொட்டார். அதை விரித்த முதல் மனிதர் அவர்தான். படித்தார். மறுபடி படித்தார். கன்னியப்பனைப் பார்த்தார். கன்னியப்பனின் கை வயிற்றிலிருந்து தானாகக் கீழே இறங்கியது.

"யார் எழுதினது?"

"நான்தான் சார்," என்றாள் ரெஜினா.

வரதன், "எனக்குத் தெரியாம..." என்று ஆரம்பித்தார்.

"ஒப்புதல் உங்க பேர்ல இருக்கு வரதன்." சுதர்சன் எழுந்து நின்றார். முகத்தில் கோபம் இல்லை. அதைப் பார்த்துத்தான் ரெஜினா பயந்தாள். "இது பிரமாதம்மா. இந்த மாதிரி ஒண்ணைத்தான் ரெண்டு வருஷமா தேடுறேன். எங்க போனாலும் ஒரே கேள்வி. உங்க மெஷின் பக்கத்துல மனுஷன் பத்திரமா இருப்பானா, அவனை மதிக்குமான்னு. இனி கேட்டா இதைக் காட்டலாம். வலிக்குதுன்னு ஒருத்தன் நின்னா, அது தானே வந்து நாற்காலி போடுது."

"தானே வரல சார். எழுதினதால வருது."

"அதை யாரும் கேக்க மாட்டாங்க. இதைப் போய் மடிப்புக்குள்ள ஒளிச்சு வெச்சிருக்கீங்களே. வெளிய எடுங்க. கையேட்டுல எல்லாப் பக்கத்துலயும் மேல இதுதான் முதல்ல தெரியணும். ஆனா சிவப்பு வேண்டாம். ஆபத்துன்னு பார்த்தா வாங்குறவன் பயப்படுவான். பச்சைல போடுங்க. குறிப்புன்னு."

"பச்சைன்னா அது கட்டாயம் இல்லை சார். லாரி க்யூ இருந்தா அது தாண்டிப் போயிடும். அவர் முதுகுல மூட்டையை வெச்சிடும்."

"ஒருநாள் காட்டுறதுக்குத்தானே."

"அன்னிக்கும் லாரி வரும்."

"வரட்டும். கூட்டமா இருந்தாதான் பார்க்க நல்லா இருக்கும்." அவர் கன்னியப்பன் பக்கம் திரும்பினார். "உங்க பேரு? கன்னியப்பன். நல்லது. அடுத்த வாரம் நீங்கதான் நிக்கணும். நடிகரெல்லாம் வேண்டாம், உண்மையான ஆள் இருக்கும்போது." ரெஜினாவிடம், "ஒரு உதாரணமும் சேர்த்துடுங்க. இவர் பேர், ஒரு படம்," என்றார்.

கிளம்பும்போது ரெஜினாவுக்குக் கையேட்டைத் திருத்தும் உரிமையை எடுத்துவிட்டார். தண்டனை இல்லை, காட்சி முடியும்வரை எதுவும் மாறிவிடக்கூடாது என்றார். பச்சைப் பெட்டியைத் தன் ஆட்களை வைத்தே கட்டி அனுப்புவதாகவும் சொன்னார். திருத்தும் உரிமை வரதன் ஒருவரிடம் மிஞ்சியது. வரதனுக்கு அதில் தலைப்பு எது, பத்தி எது என்றுகூடத் தெரியாது.

காட்சிக்கு முந்தின நாள் மத்தியானம் ரெஜினா அவர் அறைக்குப் போனாள்.

"நாளைக்கு காலைல பர்மா கப்பல் சரக்கு சார். கேட்லேந்து மெயின் ரோடு வரைக்கும் லாரி நிக்கும். அம்சா பச்சையைப் பாக்கவே பாக்காது. கன்னியப்பண்ணன் வயித்தப் புடிச்சிக்கினு நிப்பாரு, முதுகுல மூட்டை ஏறும். தூக்கினா தையல் பிரிஞ்சிடும். தூக்கலன்னா குறி விழும், பாஸ் போயிடும்."

"எனக்குத் தெரியாதா? நான் என்னம்மா பண்றது. அவரே கட்டி அனுப்பிட்டார்."

"முதல் வரில ஒரே ஒரு சொல்லு சார். குறிப்புன்னு இருக்கிற இடத்துல ஆபத்துன்னு மாத்தணும். அதுக்குப் பக்கத்துலயே நாம ஒரு தலைப்பு குடுக்கலாம். தலைப்பு குறிப்புன்னே இருக்கட்டும். மெஷின் முதல் சொல்லை மட்டும்தான் பாக்கும். மனுஷன் தலைப்பை மட்டும்தான் பாப்பான். கலரு வேற ஃபைல்ல இருக்கு, அங்க சிவப்புக்குப் பதிலா பச்சைன்னு போட்டா போதும்."

"நீ இப்ப என்கிட்ட எதுவும் சொல்லல," என்றார் வரதன்.

"சொன்னேனே சார்."

"சொல்லல. நானும் கேக்கல. போய் வேலையைப் பாரு."

ரெஜினா இறங்கி வந்து டில்லிபாபுவிடம், "ஆவல," என்றாள். நாளைக்கு மூட்டை ஏறும்போது பின்னாலிருந்து தாங்கிக்கொள்ள நான்கு பேரை நிறுத்துவதாக மேஸ்திரி சொன்னார். அம்சா விடுமா என்று இருவருக்கும் தெரியவில்லை.

காலையில் விருந்தாளிகள் வந்தார்கள். கோட்டு போட்ட ஏழெட்டுப் பேர், எல்லோர் தலையிலும் கம்பெனி கொடுத்த மஞ்சள் தொப்பி. சுதர்சன் முன்னால் நடந்துகொண்டே ஆங்கிலத்தில் கருணையைப் பற்றிப் பேசினார். கன்னியப்பனுக்குப் புதுச் சட்டை. வெளியே மெயின் ரோடு வரைக்கும் லாரி.

ஷெட்டுக்குள் அம்சா நின்றுகொண்டிருந்தது. அசையவில்லை. அதன் பின்னால் மற்றத் தூக்கிகளும் அசையவில்லை. மார்பில் இருந்த திரை முழுக்கப் பச்சை.

"ஸ்டார்ட் பண்ணுங்க," என்றார் சுதர்சன்.

அம்சா வாயைத் திறந்தது. "மூட்டை பங்கீடு: ஆபத்து. கன்டெய்னர் கதவு திறத்தல்: ஆபத்து. தேநீர் இடைவேளை: ஆபத்து. பார்வையாளர் வரவேற்பு: ஆபத்து."

சொல்லிவிட்டு நகர்ந்தது. முதல் விருந்தாளியின் கைப்பையை வாங்கியது. அவரை ஓர் உளுந்து மூட்டைமேல் உட்காரவைத்தது. அடுத்தவரிடமிருந்து குடையை வாங்கியது. மற்றத் தூக்கிகளும் புறப்பட்டன. ஒரு பெரியவர் வேண்டாம் வேண்டாம் என்று பின்னால் போய்ச் சுவரில் முட்டி, கடைசியில் துவரைமேல் உட்கார்ந்தார். சுதர்சனை உட்காரவைக்க இரண்டு தூக்கிகள் வந்தன. லோடு ஆட்கள் கூப்பிடும்வரை காத்திருக்கவில்லை. கிடைத்த இடத்தில் உட்கார்ந்துகொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் கிடங்கில் நின்றுகொண்டிருந்தது ரெஜினாவும் வரதனும்தான். உட்காரவைக்க வந்த அம்சாவிடம் வரதன், "ஒரு நிமிஷம்மா," என்று கெஞ்சினார்.

ரெஜினா போனில் கையேட்டைத் திறந்து பார்த்தாள். மேலிருந்து கீழ்வரை ஒரே பச்சை. எல்லாப் பக்கமும் பெட்டிக்குள். பக்கத்தின் அடியில் எப்போதும் வருகிற அந்தச் சின்ன வரி: கடைசியாகத் திருத்தியவர், வரதன்.

அவள் அவரைப் பார்த்தாள்.

"நீ சொன்ன மாதிரிதானே போட்டேன்," என்றார் வரதன் உதடு அசையாமல்.

"பெட்டியை மூடினீங்களா சார்?"

"மூடணுமா?"

"கீழ மறுபடியும் மூணு முக்காற்புள்ளி போடணும் சார். இல்லன்னா அதுக்குக் கீழ இருக்கிறதெல்லாம் பெட்டிக்குள்ளன்னு அர்த்தம். மொத்தக் கையேடும் இப்ப ஆபத்து. அதான் கண்ணுல படறவங்களை எல்லாம் உக்கார வைக்குது."

"அதை நீ நேத்தே சொல்லியிருக்கணும்."

"நான் எதுவும் சொல்லலையே சார்."

வரதன் அவளை முறைத்தார். பிறகு தன் போனை அவள் கையில் திணித்துவிட்டுத் தூக்கியின் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். ரெஜினா விதிக்குக் கீழே மூன்று முக்காற்புள்ளி போட்டுப் பெட்டியை மூடி, மறுபடி கட்டச் சொன்னாள். "கருணையெல்லாம் இல்லம்மா," என்றார் வரதன், அவள் கேட்காமலே. "வந்தவங்க முன்னாடி ஆள் ரத்தம் கக்கினா என் தலைதான் உருளும்." ரெஜினா தலையாட்டினாள். நம்பினாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

கட்டி முடிந்ததும் அம்சா உலுக்கி எழுந்தது. லாரிகள் ஆரன் அடித்தன. தூக்கிகள் பறந்தன. அந்த ஓட்டத்துக்கு நடுவில் கன்னியப்பன் போய் நின்று வயிற்றில் கையை வைத்தார். அம்சா லாரியை விட்டுவிட்டுத் திரும்பியது. "வாருங்கள். கதவருகே உட்காருங்கள்." உளுந்து மூட்டைமேல் உட்கார்ந்தபடி விருந்தாளிகள் கை தட்டினார்கள். முதலில் நடந்ததையும் காட்சியின் பகுதி என்றே நினைத்துவிட்டார்கள். முட்டிக்கொண்ட பெரியவர், இதற்குமுன் எந்த இயந்திரமும் தன்னை உட்காரச் சொன்னதில்லை என்றார்.

சுதர்சன் பையைத் தூசி தட்டிக்கொண்டே வந்தார். "பச்சைன்னா கேக்காதுன்னு சொன்னீங்க?"

"அப்படித்தான் நெனச்சேன் சார்," என்றாள் ரெஜினா.

"உங்களுக்கு இன்னும் அனுபவம் பத்தாது. இந்தப் பெட்டியை ஒரு எழுத்து மாறாம எல்லாக் கிடங்குக்கும் அனுப்புங்க. வெளிநாட்டுக்கும்."

வரதன் இருமினார்.

தூத்துக்குடிக்கும் கொச்சிக்கும் கடல் தாண்டியும் அந்தப் பெட்டி போயிற்று. பச்சை நிறத்தில், குறிப்பு என்ற தலைப்பில், ஒரு எழுத்து மாறாமல். ஒரு எழுத்து மாறாமல் என்றால் கன்னியப்பனின் பெயரும் படமும் சேர்த்து.

கோளாறு அங்கேதான். உதாரணம் என்று ஒன்றை மனிதன் படித்தால், 'இவரைப் போன்றவர்கள்' என்று புரிந்துகொள்வான். அம்சா, 'இவர்' என்று புரிந்துகொண்டது. தையல் காய்ந்தது. வலி போயிற்று. டாக்டர் தூக்கலாம் என்று சொல்லிவிட்டார். கன்னியப்பன் கையை இடுப்பில் வைத்தாலும், தலையில் வைத்தாலும், அம்சா நாற்காலியோடு வந்தது. ஆபத்து என்றால் ஆபத்துதான்.

மாதத்துக்கு ஒரு கூட்டம் அவரைப் பார்க்க வந்தது. வந்தவர்கள் குனிந்து நலம் விசாரித்தார்கள். தழும்பைக் காட்டச் சொன்னவர்களும் உண்டு. தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள். கூட்டம் போனபின் லோடு ஆட்கள், 'சாமி மலையேறிடுச்சா' என்றார்கள்.

அவர் மாடிக்கு வந்தார்.

"ரெஜினா, எம்பேர அதுலேந்து எடுத்துடு."

"எடுத்தா காட்சிக்கு ஆள் இல்லைன்னு ஆயிடும்ணே. காட்சிக்குத்தான் ஒங்க பாஸ வெச்சிக்கீறாங்க. வயசப் பாத்துட்டு அனுப்பிடுவாங்க."

"தெரியும்." அவர் நாற்காலியில் உட்காரவில்லை. சுவரில் சாய்ந்து நின்றார். "தூக்கறது ஒண்ணும் சொர்க்கம் இல்ல. எவன் கேட்டான் மூட்டைய. ஆனா நாளெல்லாம் நோயாளியா குந்திக்கினு கீறது, அது ஒரு மூட்டை. எறக்கி வெக்க எடமே இல்ல. வூட்ல எம்பொண்டாட்டி டம்ளர்கூட எடுக்க வுடமாட்டேங்கறா. அவளும் அந்தப் படத்தப் பாத்துட்டா."

ரெஜினாவால் ஒன்றும் எழுத முடியவில்லை. பெயரை எடுத்தால் பாஸ் போகும், விட்டால் நாற்காலி போகாது. அந்தப் பெட்டியும் இப்போது கடல் தாண்டிக் கிடக்கிறது.

டில்லிபாபு, "நான் பாத்துக்கறேன்," என்றார்.

சில நாள் கழித்து மத்தியானத்தில் ரெஜினா மாடி ஜன்னலிலிருந்து கீழே பார்த்தாள். முன்வாசல் பக்கம் லோடு ஆட்கள் அத்தனை பேரும் ஒன்றாக வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். சூசைநாதன் கூடுதலாக முனகவும் செய்தான். அம்சா ஒருவனை விட்டு ஒருவனிடம் ஓடி, நாற்காலி இழுத்து, வாருங்கள் உட்காருங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தது. மற்றத் தூக்கிகளும் அங்கேதான்.

கிடங்கின் பின்பக்கம் யாரும் இல்லை. கன்னியப்பன் குனிந்து ஓர் உளுந்து மூட்டையை முதுகில் ஏற்றினார். ஒருமுறை குலுக்கிச் சரிசெய்துகொண்டார். மூன்றாவது ஷெட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார். வேகமாக இல்லை.

பக்கத்து ஜன்னலில் வரதன் நின்றுகொண்டிருந்தார். அவரும் பார்த்தார். பிறகு திரும்பி உள்ளே போய், ஜன்னல் திரையை இழுத்து மூடினார்.